நிறுவலும் நிறுவனமும்: கட்டற்ற மென்பொருளின் வாசற்படி குறித்து

'நிறுவு' என்கிற ஒரே வினையடியிலிருந்துதான் 'நிறுவல்', 'நிறுவனம்' என்கிற இரண்டு சொற்களும் பிறக்கின்றன. ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றி ஓடவைக்கிற வேலைக்குக் கணினித் தமிழ் அன்பர்கள் 'நிறுவல்' என்று பெயரிட்டபோது இந்த உறவை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். என்றாலும் பெயர் பொருந்திப் போய்விட்டது. கடைத்தெருவில் யாரும் இந்தச் சொல்லைப் புழங்குவதில்லை. 'ஓ.எஸ். போடணும்' என்கிறார்கள். கோலம் போடுவது, பந்தல் போடுவது, கையெழுத்துப் போடுவது மாதிரி விண்டோஸ் போடுவது. 'போடுவது' என்பதில் ஒரு கை தெரிகிறது. 'நிறுவுவது' என்றதும் அதில் ஓர் அதிகாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொழில்நுட்பம் தெரியாதவர்களும் கட்டற்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளும்படி செய்ய முப்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிற முயற்சிகளை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2012இல் என் தம்பிக்குப் பள்ளியில் அரசு மடிக்கணினி கிடைத்தது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். மற்றது 'பாஸ்' லினக்ஸ். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்ட கட்டற்ற இயங்குதளம். "இது என்னடா?" என்று கேட்டேன். "அது சும்மா. அதத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க" என்றான். ஒரு மாதம் கழித்து செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், "அத எடுத்துட்டா பாட்டு, படம் வைக்க எடம் கெடைக்கும் தம்பி" என்று சொல்லி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அது காசு கொடுத்து வாங்கின விண்டோஸ் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அரசு நிறுவியதைக் கடை எடுத்தது. இரண்டு தடவையும் தம்பியிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. அவனுக்குச் சுதந்திரம் தருவதாகச் சொன்ன மென்பொருள் அவனுக்குத் தெரியாமலே வந்தது, தெரியாமலே போனது. அந்தக் கறுப்புத் திரையின் முன்கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பர் 27 அன்று. யாரும் ஓட்டலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற உரிமைகளோடு ஒரு முழு இயங்குதளத்தை எழுதுவது நோக்கம். இந்த உரிமைகளில் முதலாவது, விரும்பியபடி ஓட்டுகிற உரிமை. அது நடைமுறையில் என்னவாக இருந்தது என்று பாருங்கள். 1985இல் குனு ஈமாக்ஸ் என்கிற எழுதியை வேண்டுகிறவர்களுக்கு 150 டாலர் வாங்கிக்கொண்டு காந்த நாடாவில் பதிந்து அனுப்பினார். பெற்றவர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவர்கள். நாடாவைப் படிக்கிற எந்திரம் அங்கே இருந்தது. எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் அங்கே இருந்தார். அந்த ஆளே பெரும்பாலும் வாசகர், அவரே பயனர். எழுதினவனும் போட்டுக்கொண்டவனும் ஒரே வர்க்கம் என்பதால் வாசற்படி யார் கண்ணிலும் படவில்லை.

1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியிலிருந்து தன் இயங்குதளம் பற்றி அறிவித்த பிறகு நிலைமை மாறுகிறது. இப்போது வீட்டில் இருக்கிற சாதாரணக் கணினியிலும் இது ஓடும். ஆனால் எப்படி ஏற்றுவது? ஆரம்பத்தில் இரண்டு பிளாப்பி வட்டுகள். ஒன்றைப் போட்டுக் கணினியை எழுப்ப வேண்டும், பிறகு அடுத்ததைப் போட வேண்டும். வன்தட்டிலிருந்தே எழும்பச் செய்ய வேண்டுமென்றால் தட்டின் முதல் பகுதியை எண்களாகத் திறந்து கையால் திருத்த வேண்டும். ஒரு எண் தவறினால் ஏற்கெனவே இருந்ததும் போய்விடும்.

இதைப் பார்த்து முதலில் சங்கடப்பட்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையத்தில் இருந்த ஓவன் லெ பிளாங்க். 1992 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட 'எம்.சி.சி. இன்டரிம்' தொகுப்பு, பட்டியலைக் காட்டிக் கேள்வி கேட்டு ஏற்றிக்கொள்ளும். அதே வருடம் பீட்டர் மெக்டொனால்டின் எஸ்.எல்.எஸ். வந்தது. அதன் பிழைகளைத் திருத்தப் போய் அமெரிக்க மாணவர் பேட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அதே எஸ்.எல்.எஸ்.மீது வெறுத்துப்போய் 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். ஒரு வருடம் சொச்சத்தில் இத்தனை தொகுப்புகள். இவற்றை 'விநியோகங்கள்' என்று சொல்கிறோம். எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது அநேகமாக ஒரே மென்பொருள்தான். வேறுபாடு பெரும்பாலும் அதை எப்படித் தொகுத்து, எப்படிப் போட்டுக் கொடுப்பது என்பதில் இருந்தது. லினக்ஸ் விநியோகங்களின் வரலாறே நிறுவலின் வரலாறாகத்தான் தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

2

இந்தத் தொகுப்புகளும் எளிமையாக இல்லை. ஸ்லாக்வேர் பிளாப்பிகள் எழுத்து வாரியாக வரும்: அடிப்படைக்கு ஒரு வரிசை, வலையமைப்புக்கு ஒன்று, வரைகலைத் திரைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 1.44 மெகாபைட். கடைசிப் பிளாப்பி கெட்டுப்போயிருந்தால் அதற்கு முந்தைய உழைப்பு வீண். வன்தட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லும்; எத்தனை பாகம், எந்த அளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். திரைக்கு வந்தால், மானிட்டரின் அலைவரிசையைக் கேட்கும். தப்பாகக் கொடுத்தால் மானிட்டரே பழுதாகலாம் என்று ஆவணங்கள் எச்சரித்தன.

இதற்குப் பின்னால் சதி ஒன்றும் இல்லை. வன்பொருள் செய்த கம்பெனிகள் தங்கள் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல மறுத்தன. சொந்த நேரத்தில் எழுதிய ஆட்களுக்கு எல்லாக் கணினிகளும் கிடைக்கவும் இல்லை. ஆனால் கஷ்டம் கொஞ்ச நாளில் ஒரு கருத்தியலாக மாறிவிடுகிறது. 'நான் ஸ்லாக்வேரில் கற்றவன்' என்பது ஒரு தகுதி. சந்தேகம் கேட்டு வருகிறவரிடம் 'கையேட்டைப் படி' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது ஒரு பழக்கம். படியேறி வந்தவர்கள் படியை உயர்த்திப் பேசத் தொடங்குகிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஏட்டில் இருந்த சங்கப் பாடல்கள் அச்சில் வந்துவிட்டன. யாரும் வாங்கலாம்; யாரும் படிக்கக்கூடாது என்று தடையும் இல்லை. ஆனால் சந்தி சேர்ந்து கிடந்த வரிகளைப் பிரித்துப் படிக்க ஆசிரியர் ஒருவரின் காலடி தேவைப்பட்டது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் போட்ட பதிப்புகள் என்ன செய்தன? பாடலை மாற்றவில்லை. சொல்லைக் குறைக்கவில்லை. வாசகன் தானாக நுழைய ஓர் இடைவெளி விட்டன, அவ்வளவுதான். பிரதி திறந்திருப்பதும் அதற்குள் நுழைய முடிவதும் வேறு வேறு காரியங்கள். மூலநிரல் யாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, அதைப் போட முடியாதவனை அறிவிலி என்று நினைப்பது, சந்தி பிரிக்கத் தெரியாதவனுக்குச் சங்க இலக்கியம் எதற்கு என்று கேட்பதைப் போன்றதுதான்.

3

'விண்டோஸ் மட்டும் எப்படிச் சுலபமாக இருந்தது?' என்று கேட்பார்கள். இங்கேதான் நாம் வழக்கமாக ஏமாறுகிறோம். பெரும்பாலான மக்கள் விண்டோஸை நிறுவினதே இல்லை. அது தொழிற்சாலையிலேயே கணினியோடு வந்துவிட்டது. மென்பொருளின் குணமாக நாம் நினைத்துக்கொண்ட எளிமையில் பெரும்பங்கு ஒப்பந்தத்தின் எளிமை.

ஒப்பந்தம் என்று சும்மா சொல்லவில்லை. கணினி செய்கிற கம்பெனி, தான் விற்கிற ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் காசு கட்ட வேண்டும், அதில் அவர்களுடைய மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்பது மாதிரியான உரிம ஏற்பாடு ஒன்று இருந்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்து, 1994 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அந்த முறை கைவிடப்பட்டது. அதற்குள் விண்டோஸ் கணினியின் இயற்கை போலவே ஆகிவிட்டிருந்தது. கருத்தியலின் வேலையே அதுதானே? செய்யப்பட்ட ஒன்றை இயற்கையாகக் காட்டுவது.

1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் ஒரு சிறு கூட்டம் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனது. உரிமப் பத்திரத்தில், 'ஒப்புக்கொள்ளாவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. 'நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, லினக்ஸ் போட்டுக்கொண்டோம், காசைக் கொடு' என்று கேட்டார்கள். காசு கிடைக்கவில்லை. ஆனால் அந்த 'விண்டோஸ் ரீஃபண்ட் நாள்' ஒன்றைக் கண்ணுக்குத் தெரியவைத்தது: நாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் நம் சார்பில் நிறுவிவிட்டார், அதற்கு நாம் விலையும் கொடுத்துவிட்டோம்.

எனவே கட்டற்ற மென்பொருளின் 'கஷ்டம்' என்பதும் பாதி இந்த ஏற்பாட்டின் விளைவு. ஏற்கெனவே குடியிருக்கிற ஒருவரின் வீட்டில், அவரை வெளியேற்றாமல், ஓர் அறை பிரித்துக் குடியேறுவதுதான் லினக்ஸ் நிறுவலாக இருந்தது. வன்தட்டைப் பாகம் பிரிக்கச் சொன்னதும் எல்லாரும் பயந்து நின்றது அதனால்தான். முதலில் குடியேறியவருக்கு அந்தப் பயம் இல்லை.

4

1998இல் 'திறந்த மூலம்' என்ற புதுப்பெயரை கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்தார். சுதந்திரம் என்ற பேச்சைத் தணித்து, வணிக உலகத்துக்குப் புரிகிற பாஷையில் பேசுவதற்கான பெயர் அது. நிறுவலைச் சுலபமாக்குவதும் அந்தக் காலத்தில் வணிகப் போட்டியாகிறது. 1998 ஜூலையில் வந்த மாண்ட்ரேக், ரெட் ஹேட் தொகுப்போடு கே.டி.ஈ. என்ற வரைகலைத் திரையைச் சேர்த்துக் கொடுத்தது. 1999இல் கால்டெரா கம்பெனியின் 'லிஸார்ட்' நிறுவி வந்தது. சுட்டியால் நாலைந்து தடவை அழுத்தினால் போதும். கோப்புகள் ஏறுகிற வரைக்கும் பொழுது போக டெட்ரிஸ் விளையாடலாம். பலரும் இதுதான் வருங்காலம் என்று நினைத்தார்கள். அதே கால்டெரா 2002இல் எஸ்.சி.ஓ. குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2003 மார்ச்சில், லினக்ஸில் தன் சொத்து கலந்திருக்கிறது என்று சொல்லி ஐ.பி.எம்.மீது வழக்குப் போட்டது. சிரித்த முகத்தோடு வாசலில் நிற்பவர் வீட்டுக்கு உரிமை கொண்டாடவும் கூடும். எளிமைக்கும் சுதந்திரத்துக்கும் இயல்பான உறவு ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

வேறு பாதையில் வந்தவர் ஜெர்மனியின் கிளாஸ் நோப்பர். 2000இல் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், குறுந்தகட்டிலிருந்தே ஓடும். வன்தட்டைத் தொடாது. தகட்டை எடுத்துவிட்டால் கணினி பழையபடி. வன்பொருளைத் தானே கண்டுகொள்ளும். 'போடுவதற்கு முன் பார்த்துக்கொள்' என்கிற இந்த யோசனையைத்தான் பிற்பாடு உபுண்டு எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் பணத்தில் 2004 அக்டோபரில் தொடங்கிய உபுண்டு, 2006 ஜூனில் குறுந்தகட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நிறுவும் முறையைக் கொண்டுவந்தது. 2008இல் 'வூபி' வந்தது. விண்டோஸுக்குள் ஒரு சாதாரண மென்பொருள் மாதிரி உபுண்டுவைப் போட்டுப் பார்த்து, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. கல்லூரி விடுதிகளில் அந்தத் தபால் உறையைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். இணையத் தொடர்பு சரியாக இல்லாத ஊர்களில் தபால்காரரும் நிறுவலின் ஒரு கண்ணியாக இருந்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

யாருக்காகச் சுலபமாக்குகிறோம் என்ற கேள்விக்கு இந்த உலகம் கற்பித்துக்கொண்ட உருவம் கவனத்துக்குரியது. எரிக் ரேமண்ட் தன் விவாதங்களில் 'டில்லி அத்தை' என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவருவார். ஒன்றும் தெரியாத வயதான பெண். 2004இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், வலையமைப்பில் உள்ள பிரிண்டர் ஒன்றை இணைக்கப் போய்த் தானே திணறிய கதையைச் சொல்கிறார். எனக்கே இப்படி என்றால் டில்லி அத்தைக்கு எப்படி என்பது அவருடைய வாதம். வாதம் நியாயமானது, நிரலாளர்களைப் பார்த்துக் கோபமாகக் கேட்கப்பட்டது. ஆனால் திணறியவர் யார்? நிபுணரான ஆண். அறியாமை யார் பேரில் எழுதப்படுகிறது? ஓர் அத்தையின் பேரில். பெண்களுக்கென்று 'லினக்ஸ்சிக்ஸ்' என்ற அமைப்பு 1999லேயே தொடங்கியாகிவிட்டது. 2004இல் டெபியனுக்குள்ளேயே பெண்கள் ஒரு குழுவாகத் திரண்டார்கள். அத்தை உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார். கதையாடலில் மட்டும் அவர் வாசலிலேயே நின்றார்.

இதற்கு மாறான உதாரணம் நோப்பரின் வீட்டிலேயே இருக்கிறது. பார்வையற்ற தன் மனைவி அட்ரியானெவின் உதவியோடு அவர் 2007இல் நாப்பிக்ஸில் ஒரு பேசும் மேசையைச் சேர்த்தார். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. கற்பனை அத்தைக்காக யோசிப்பதும், பக்கத்தில் இருக்கிற மனுஷியோடு சேர்ந்து யோசிப்பதும் எவ்வளவு வேறான பொருள்களைத் தருகின்றன!

5

இனி மொழிக்கு வருவோம். டெபியனின் நிறுவி நெடுங்காலம் எழுத்துத் திரையில் ஓடியது. எழுத்துத் திரை என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கொ' என்று எழுத வேண்டுமானால் மெய்க்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. 'கு', 'மு' போன்றவை உருவமே மாறிவிடும். லினக்ஸின் எழுத்துத் திரை ஒரே சமயத்தில் அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் 2005 ஜூனில் வந்த டெபியன் 3.1இல் நிறுவியைப் புதிதாக எழுதி, மொழிபெயர்ப்புக்கு விரிவாக இடம் கொடுத்தும், நம்முடையதைப் போன்ற எழுத்துகள் திரையில் வர முடியவில்லை.

2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0இல் வரைகலை நிறுவி சேர்க்கப்பட்டது. மொத்தம் 58 மொழிகள். தமிழும் அதில் உண்டு. தமிழ், மலையாளம், இந்தி, வங்காளி, நேபாளி, கெமர் போன்றவை வரைகலை முறையில் மட்டுமே தெரியும். அதாவது, 'அழகுக்காக' என்று சிலர் ஏளனமாகப் பேசிய வரைகலைத் திரை நமக்கு எழுத்தறிவின் அடிப்படைத் தேவையாக இருந்தது. ஒருவருக்கு அலங்காரம், இன்னொருவருக்கு வாசல். மையத்திலிருந்து பார்க்கும்போது தெரியாத விஷயம் இது.

இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 'பகிர்வு', 'பொதி', 'பயனர்', 'கடவுச்சொல்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் உழைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நிறுவித் தமிழ் பல இடங்களில் உரையாசிரியர் தமிழாகிவிட்டது. ஆங்கிலத்தில் புரியாத கேள்வி தமிழிலும் புரியாமல் நிற்கிறது. மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைப்பதோடு முடிந்துவிடாது. 'இதை அழுத்தினால் உங்கள் போட்டோவெல்லாம் அழிந்துபோகும்' என்று சொல்லத் துணிய வேண்டும். அந்தப் போட்டோக்களைத் தொலைத்தவர்களைத் தெரிந்தவர்களால்தான் அப்படி எழுத முடியும்.

2013 மேயில் வந்த டெபியன் 7.0இன் நிறுவி, பார்வையற்றவர்களுக்காகப் பேசவும் கற்றுக்கொண்டது. பிரெய்ல் கருவி இல்லாதவரும் இன்னொருவர் துணையின்றித் தானே தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். இது சுலபமாக்கியதோடு நிற்கவில்லை. ஒருவருடைய கேள்வியை அவரிடமே கேட்டது. கேள்வியை நீக்குவதும் ஓர் எளிமை. கேள்வியை அவருக்கு எட்டும்படி கேட்பதும் ஓர் எளிமை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிற குழப்பம்.

6

கேள்வியை முழுக்க நீக்கிவிட்டால் என்ன ஆகும்? பதில் நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் லினக்ஸ் கருவின் மேல்தான் ஓடுகிறது. உலகத்தில் மிக அதிகம் பேர் கையில் இருக்கிற லினக்ஸ் அதுவே. யாரும் அதை நிறுவவில்லை. தொழிற்சாலையில் நிறுவப்பட்டு வந்தது. செயலி வேண்டுமா, ஒரு தட்டு. இந்த 'ஒரே இடத்திலிருந்து கேட்டுப் பெறுவது' என்ற யோசனையும் கட்டற்ற மென்பொருள்காரர்களுடையதுதான். டெபியனில் 1999லேயே 'ஏப்ட்' என்ற கருவி ஒரு கட்டளையில் மென்பொருளையும் அதற்குத் தேவையான மற்றவற்றையும் கொண்டுவந்து இறக்கியது. 2008இல் ஆப்பிளும் கூகுளும் அதே உருவத்தில் கடைகளைத் திறந்து, வாசலில் காவலாளியை நிறுத்தின. டில்லி அத்தையின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெரும்பாலான போன்களில் நாமாக வேறொரு இயங்குதளத்தைப் போட முயன்றால் பூட்டு தடுக்கும். 1994க்கு முன்பு ஒப்பந்தம் செய்த வேலையை இப்போது கருவியே செய்கிறது.

இதை முன்பே உணர்ந்தார்கள். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி லினக்ஸில் ஓடியது. மூலநிரலையும் கொடுத்தது. ஆனால் அதைத் திருத்தித் திரும்பப் போட்டால் பெட்டி ஏற்காது. படிக்கலாம், மாற்றலாம், போட முடியாது. இதற்கு எதிர்வினையாக 2007 ஜூன் 29 அன்று வெளியான குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் சாதனங்களோடு மூலநிரலை மட்டுமல்லாமல் 'நிறுவல் தகவலையும்' கொடுத்தாக வேண்டும் என்று விதித்தது. நிறுவல் என்பது ஒரு வசதி என்ற நிலையிலிருந்து உரிமையாக எழுதப்பட்ட இடம் இது. லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. டோர்வால்ட்ஸ் மூன்றாவதை ஏற்கவில்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கணினிகளிலும் 'செக்யூர் பூட்' என்ற பூட்டு வந்தது. கையொப்பம் சரிபார்த்த பிறகே இயங்குதளத்தை எழுப்பும். திருட்டு நிரல்களைத் தடுக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் கையொப்பத்தின் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கையில். உபுண்டுவும் ஃபெடோராவும் சாதாரண ஆட்கள் திணறக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஒரு சிறு நிரலை முன்னால் வைத்துக்கொண்டு நுழைந்தன. எளிமைக்காகச் செய்துகொண்ட சமரசம். தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை மறக்கக் கூடாது, அவ்வளவே.

7

மூன்றாவதாக ஓர் எளிமை உண்டு. தொழிற்சாலையும் தராது, நிறுவி நிரலும் தராது. பக்கத்தில் உட்கார்கிற ஆள் தருவது. 1990களிலிருந்தே லினக்ஸ் பயனர் குழுக்கள் 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' நடத்திவருகின்றன. கணினியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து போடுவோம் என்று அழைப்பார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடிவந்த பயனர் குழுவும், காஞ்சிபுரம், விழுப்புரம் குழுக்களும் இதே வழியில் வந்தவை. நம் செல்போன் கடை அண்ணன் செய்ததும் ஒரு விதத்தில் இதுதான். அவரைத் திருட்டு வியாபாரி என்று ஒதுக்கிவிட முடியாது. கணினியைப் பற்றி என் தம்பியோடு அவன் பாஷையில் பேசிய முதல் ஆள் அவர். அவரிடம் பாஸ் லினக்ஸைப் பற்றிப் பேச யாரும் போகவில்லை என்பதுதான் குறை.

அரசுகள் இதைச் சரியாகச் செய்த இடங்களும் உண்டு. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுரா மாநிலம் 2002இல் டெபியனை வைத்து 'லினெக்ஸ்' உருவாக்கி, பள்ளிகளில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி வைத்தது. படம் வரைகிற மென்பொருளுக்கு அந்த மண்ணின் ஓவியர் சுர்பரானின் பெயரைச் சூட்டியது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' பின்வந்த வருடங்களில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், தேர்வு எல்லாவற்றையும் அதோடு சேர்த்தது. வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைகளிடம் 'தொடாதே' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது, விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. மடிக்கணினிகளிலும் போட்டுக் கொடுத்தார்கள். போட்டது நிறுவனம். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஐக் கெடுவாக வைத்தது. நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. ஐரோப்பாவில் கே.டி.ஈ.காரர்களும் பிறரும் சேர்ந்து, அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போட்டுத் தருகிறோம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதவுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் அதன் முக்கியமான பகுதி. முப்பது வருட நிறுவி ஆராய்ச்சிக்குப் பிறகும் பட்டியலில் மனிதர்களின் பெயர்களைத்தான் போட வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிற நாம் யார்? அதிகாரத்தைப் பற்றி நிறைய எழுதியவர்கள். அந்தக் கட்டுரைகளைக் கடை அண்ணன் போட்டுக் கொடுத்த விண்டோஸில் தட்டச்சு செய்து, காசு கொடுக்காத பேஜ்மேக்கரில் பக்கம் கட்டியவர்கள் நம்மில் கணிசம். குற்றம் சாட்டவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். பத்து வருடம் கழித்து தம்பியின் அதே மடிக்கணினியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டெபியன் போட்டோம். பாகம் பிரிக்கிற இடம் வந்ததும் தம்பி கையை எடுத்துவிட்டான். "நீங்களே போடுங்கண்ணே" என்றான். நண்பர் தொடவில்லை. திரையில் இருந்த தமிழ் வாக்கியத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அது புரியாத தமிழ்தான். அவர் அதைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, போட்டோக்களை எல்லாம் வேறு வட்டில் எடுத்து வைத்துவிட்டு வந்து, அவனே அழுத்தினான்.